இரட்டிப்புக்கு மேல் ஒன்று

மெழுகு அக்கா எப்படி ஒருமுறைகூடக் கடைசியாக வருவதில்லை என்பது சூளைக்காரருக்கு விளங்கவே இல்லை. தலைகீழாக நின்று யோசித்துப் பார்த்துவிட்டார். அவருக்குத் தெரிந்த விடைகளில் பாதிகூட அவளுக்குத் தெரியாது. நதிகள் தெரியாது, தலைநகரங்கள் தெரியாது. எதை யார் எந்த ஆண்டில் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால், "கண்டுபிடிச்சவங்களுக்கே ஞாபகம் இருக்காது" என்பாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆட்டம் முடியும்போது கடைசி இடத்தில் இருப்பது சூளைக்காரர்தான்.

அவர்கள் வேலை செய்தது பல் செய்யும் கூடத்தில். மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சு இங்கே வந்து சேரும். அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி அந்த வாயின் நகலை எடுப்பவன் மாப்பிள்ளை. கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது, பட்டம் மட்டும் போகவில்லை. அந்த நகலின் மேல் மெழுகால் பல்லைச் செதுக்கி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எந்த இடத்தில் தொடவேண்டும் என்று தீர்மானிப்பவள் மெழுகு அக்கா. மெழுகின் அளவுக்கு உலோகத் தொப்பி தயாரானதும், அதன் மேல் பீங்கான் தூளைக் குழைத்து அடுக்கடுக்காகப் பூசிச் சுடுவது சூளைக்காரரின் வேலை. சுடும்போது பீங்கான் சுருங்கும். அதனால் பல்லை வேண்டுமென்றே பெரிதாகக் கட்டவேண்டும். எவ்வளவு பெரிதாக என்பது ஒவ்வொரு பல்லுக்கும் மாறும். அந்த அளவு விரலுக்குப் பிடிபட அவருக்குப் பல வருடங்கள் ஆயின. சூளையின் சின்னக் கண்ணாடி வழியாகச் செக்கச்சிவந்த பல்லைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நல்ல வேலை உலகத்தில் இருப்பதாக அவர் நம்பவில்லை.

இந்த மூவரும், முதலாளியும், வெள்ளிக்கிழமை மாலை டிவியில் வரும் வினாடி வினாவுக்கு அடிமைகள். அரைமணி நேரம் கூடத்தில் ஒரு பல்லும் நகராது.

நிகழ்ச்சியின் அமைப்பு எளிது. மூன்று போட்டியாளர்கள். நடத்துபவர் ஒரு குறிப்பைப் படிப்பார், முதலில் மணியை அழுத்தியவர் விடை சொல்வார். சரியென்றால் பத்துப் புள்ளி கூடும், தவறென்றால் பத்துப் போகும். உயிர்நாடி கடைசிக் கேள்வியில் இருக்கிறது. அதற்கு முன்னால் தலைப்பை மட்டும் காட்டுவார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவரும் தன்னிடம் இருக்கும் புள்ளிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் பந்தயம் கட்டலாம். முழுவதும் கட்டலாம், சுழியமும் கட்டலாம். பிறகுதான் கேள்வி. சரியான விடைக்குக் கட்டியது சேரும், தவறான விடைக்குக் கட்டியது கழியும்.

கூடத்திலும் அதே ஆட்டம்தான். மணிக்குப் பதிலாக மாப்பிள்ளை மாவு கரைக்கும் ரப்பர் கிண்ணத்தை மேசையில் அடிப்பான், அக்கா மெழுகுக் கத்தியால் தட்டுவாள், சூளைக்காரர் இடுக்கியால் தட்டுவார். நடுவர் முதலாளி. அவர் சொன்னதை மூன்று பேர் மறுபேச்சில்லாமல் கேட்பது அந்த அரைமணி நேரம் மட்டும்தான் என்பதால் அந்தப் பதவியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

முதலிடத்துக்குப் பரிசு கிடையாது. கடைசியாக வருபவர் அடுத்த வாரம் முழுக்க ஃபோன் பேசவேண்டும்.

இந்த விதியையும் முதலாளிதான் கொண்டுவந்தார். காலையில் மருத்துவமனைகளிலிருந்து புகார்கள் வரும். பல் உயரமாக இருக்கிறது, நிறம் ஒட்டவில்லை, கடித்தால் இடிக்கிறது. இதற்கெல்லாம் பதில் சொல்லும் வேலை முன்பு முதலாளியுடையது. அவர் அதை ஒரு விளையாட்டுக்குள் நைசாகத் தள்ளிவிட்டார். யாரும் அதைக் கவனிக்கவில்லை, எல்லோரும் புள்ளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

சூளைக்காரருக்கு ஃபோனில் மறுத்துப் பேச வராது. எதிர்முனையில் ஒரு மருத்துவர் குரலை உயர்த்தினால், "ஆமாங்க டாக்டர், நம்ம தப்புதாங்க, வேற செஞ்சு அனுப்புறோம்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அச்சே கோணலாக எடுக்கப்பட்டிருந்தாலும் நம்ம தப்புதான். இதன் விளைவு அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. மருத்துவர்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"எல்லா டாக்டரும் உன்னத்தான் கேக்குறாங்க சூளை," என்றார் முதலாளி, ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்து சூளைக்காரர் வழக்கம்போலக் கடைசியாக வந்தபோது. "எப்படியும் வாராவாரம் நீதான பேசுற. அடுத்த வெள்ளியும் நீயே கடைசியா வந்தீன்னா, உன்ன நிரந்தரமா முன்ரூம்ல ஃபோனுக்கு உக்கார வெச்சிடுறேன். சூளைய மாப்பிள்ளை பாத்துக்கட்டும்."

"அவன் பல்லக் கருக்கிடுவான் முதலாளி."

"கத்துக்குவான். நீயும் கருக்கித்தான கத்துக்கிட்ட."

மாப்பிள்ளை பணிவாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டான். அவன் பார்வை மட்டும் சூளைப் பக்கம் போய் வந்தது.

அந்த வார ஆட்டம் இப்படிப் போயிருந்தது. கடைசிக் கேள்விக்கு முன்னால் மாப்பிள்ளை எண்பது, சூளைக்காரர் எழுபது, அக்கா முப்பது. தலைப்பு, கடல்கள். கேள்வி கடினம், ஒருவருக்கும் தெரியவில்லை. சூளைக்காரர் எழுபதையும் கட்டியிருந்தார், சுழியத்துக்குப் போனார். மாப்பிள்ளை அறுபத்தொன்று கட்டியிருந்தான், பத்தொன்பதுக்கு இறங்கினான். அக்கா எதுவுமே கட்டவில்லை. முப்பதிலேயே உட்கார்ந்திருந்தவள் முதலிடத்துக்கு வந்துவிட்டாள்.

அறுபத்தொன்று என்பது மாப்பிள்ளை குருட்டாம்போக்கில் எழுதியது இல்லை. டிவியில் அப்போது வாராவாரம் ஜெயித்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். முன்னணியில் இருக்கும்போது அவர் கட்டும் தொகைக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டாவது ஆள் முழுவதையும் கட்டி ஜெயித்தால் அந்த ஆளின் புள்ளி இரட்டிப்பாகும். அந்த இரட்டிப்பைவிட ஒன்று அதிகம் வரும்படி கட்டினால், விடை சரியாக இருந்தால் முன்னணியில் இருப்பவரை யாரும் அசைக்க முடியாது. எழுபதின் இரட்டிப்பு நூற்று நாற்பது, அதற்கு மேல் ஒன்று நூற்று நாற்பத்தொன்று, எண்பதைக் கழித்தால் அறுபத்தொன்று. மாப்பிள்ளை இந்தக் கணக்கை மந்திரம்போல மனப்பாடம் செய்திருந்தான். இரண்டாவதாக இருப்பவர் முழுவதையும் கட்டவேண்டும் என்பதும் ஸ்டேஷன் மாஸ்டரின் போட்டியாளர்களிடமிருந்து சூளைக்காரர் கற்றதுதான். எல்லாம் முறைப்படி நடந்தது. முறைப்படி அவர் கடைசியாக வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இதையெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, மாணவர்களுக்குச் சாலைச் சந்திப்பை விளக்கப் பயன்படும் பொம்மை வண்டிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வினாடி வினா அவளுக்குப் பிடிக்காது. தெரிந்ததைக் கேட்டால் ஏன் கேட்கிறார்கள் என்றும், தெரியாததைக் கேட்டால் ஏன் கேட்கிறார்கள் என்றும் அவளுக்குத் தோன்றும்.

"அந்தக்கா கிட்ட ஏதோ சூட்சுமம் இருக்கு," என்றார் அவர். "எனக்குத்தான் பிடிபட மாட்டேங்குது."

"உங்க ஆட்டத்துல முதல்ல வந்தா என்ன குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"ரெண்டாவது வந்தா?"

"அதுக்கும் ஒண்ணுமில்ல."

"கடைசியா வந்தா?"

"ஃபோன்."

"அப்புறம் முதல்ல வர்றதுக்கு ஏங்க இப்படி அடிச்சுக்கிறீங்க?"

சூளைக்காரர் ஒரு பொம்மை வண்டியைக் கையில் எடுத்து உருட்டினார்.

"டிவில அப்படித்தான் கட்டுறாங்க," என்றார்.

"டிவில ஜெயிச்சவர் மட்டும்தான அடுத்த வாரம் வருவாரு?"

"ஆமா."

"அப்போ அங்க ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணு. எப்படியும் வீட்டுக்குத்தான் போகணும். அதனால கையில இருக்கறத எல்லாம் போட்டுப் பாக்கலாம். உங்க இடத்துல முதலாவதும் ரெண்டாவதும் ஒண்ணு. அது வேற ஆட்டமில்லையா?"

அவள் சிவப்புக் கார், வெள்ளைக் கார், ஒரு சக்கரம் கழன்ற லாரி என்று மூன்றை வரிசையாக வைத்தாள். "சிவப்பு மாப்பிள்ளை, எண்பது. வெள்ளை நீங்க, எழுபது. லாரி உங்க அக்கா, முப்பது. லாரி இருக்கறத எல்லாம் கட்டி ஜெயிச்சா எங்க வரும்?"

"அறுபது."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"எழுபது."

"வண்டிய ஆஃப் பண்ணிட்டு உள்ளயே உக்காந்திருந்தா?"

சூளைக்காரர் லாரியைக் கையில் எடுத்து அறுபது என்று நினைத்த இடத்தில் வைத்தார். வெள்ளைக் காருக்குப் பின்னால்தான் நின்றது. எடுத்து மறுபடி வைத்தார். அப்போதும் பின்னால்தான் நின்றது.

"அப்போ நான் தூங்கியிருந்தாக்கூட..."

"தூங்கியிருந்தா கடைசியா வந்திருக்க மாட்டீங்க. முழிச்சிருந்ததுதான் தப்பு." அவள் சிவப்புக் காரைத் துடைக்க எடுத்துக்கொண்டாள். "என்கிட்ட கத்துக்க வர்றவங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான். முன்னாடி போற வண்டிய முந்தணும், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். பின்னாடி பாக்கக் கண்ணாடி ஒண்ணு வெச்சிருக்கோம்னு நாலாவது வகுப்புலதான் கண்டுபிடிப்பாங்க."

அக்கா இவ்வளவையும் யோசித்தா விளையாடுகிறாள் என்ற சந்தேகம் மட்டும் பாக்கியிருந்தது. திங்கட்கிழமை, இரண்டு புகார் ஃபோன்களுக்கு நடுவே, அவள் மேசைப் பக்கம் போனார். அவள் ஒரு கடைவாய்ப் பல்லின் குழியைச் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

"கடைசிப் பந்தயத்துக்கு எப்படிக்கா கணக்குப் போடுற?"

"என்ன கணக்கு?"

"எவ்வளவு கட்டணும்னு."

"தெரியாத கேள்விக்கு எதுக்குத் தம்பி கட்டணும்? எனக்கு எதுவும் தெரியாது, அதான் கட்டுறதில்ல." கத்தியின் நுனியை விளக்கில் காட்டிச் சூடாக்கிக்கொண்டாள். "தள்ளி நில்லு, நிழல் விழுது."

ஆக அவளிடம் சூட்சுமம் எதுவும் இல்லை. மற்ற இருவரும் மேலே ஏறப்போய் விழுந்தார்கள், அவள் ஏறவில்லை. வாராவாரம் அவளைக் காப்பாற்றியது அவர்களுடைய லட்சியம்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. சூளையில் கடைசிச் சுற்றுப் பற்கள் ஆறிக்கொண்டிருந்தன. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு, வெள்ளைப் பலகையைத் துடைத்து, மூன்று கட்டம் போட்டார். டிவியில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு எதிராக ஒரு செவிலியும், ஒரு நீச்சல் பயிற்சியாளரும் நின்றார்கள்.

"நீச்சல்காரருக்கு மேல் முன்பல் ரெண்டும் செஞ்ச பல்லு," என்றாள் அக்கா.

"நாலு," என்றார் சூளைக்காரர். "பக்கத்துல ரெண்டும் சேத்து. நிறத்த நல்லாப் பிடிச்சிருக்காங்க."

"கோரைப்பல்லப் பாருங்க," என்றான் மாப்பிள்ளை. "தேஞ்சு தட்டையாயிருக்கு. ராத்திரி பல்லக் கடிக்கிற ஆளு. இவன் கடைசில முழுசும் கட்டுவான்."

பல்லைப் பார்த்துப் பந்தயத்தைக் கணிக்கும் இந்தச் சாத்திரத்தை அவனே உருவாக்கியிருந்தான். இதுவரை ஒருமுறையும் பலிக்கவில்லை. அதற்கு டிவியின் வெளிச்சம் சரியில்லை என்பது அவன் தரப்பு.

ஆட்டம் ஓடியது. நடுவில், வயது வந்தவர்களுக்கு மொத்தம் எத்தனை பற்கள் என்று ஒரு குறிப்பு வந்தது. கூடத்தில் யாரும் மேசையைத் தட்டவில்லை.

"ஞானப்பல்லச் சேத்தா, சேக்காமலா?" என்றாள் அக்கா.

"அதச் சொல்லல," என்றார் சூளைக்காரர். "பாதிப் பேருக்கு அது வெளியவே வர்றதில்ல. உள்ள இருந்தா கணக்குல வருமா?"

"பிறக்கும்போதே ஒண்ணு ரெண்டு இல்லாதவங்களும் இருக்காங்கண்ணே. போன மாசம்கூட ஒரு அச்சு வந்துச்சே."

டிவியில் செவிலி முப்பத்திரண்டு என்று சொல்லிப் பத்துப் புள்ளி வாங்கிக்கொண்டாள். பல் செய்து பிழைக்கும் மூன்று பேருக்கும் முதலாளி சுழியம் போட்டார். பேனாவின் மூடியை மூடுவதில் கொஞ்சம் சத்தம் கேட்டது.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது பலகையில் மாப்பிள்ளை தொண்ணூறு, சூளைக்காரர் அறுபது, அக்கா நாற்பது. தலைப்பு, எலும்புகள்.

சூளைக்காரர் மனதுக்குள் லாரியை நகர்த்திப் பார்த்தார். இந்த முறை அது அவ்வளவு சுலபமாக இல்லை. அக்கா நாற்பதையும் கட்டி ஜெயித்தால் எண்பது. அது அவருடைய அறுபதைத் தாண்டிவிடும். அக்கா வழக்கமாகக் கட்டமாட்டாள்தான், ஆனாலும் ஒருவருடைய சூளையை வழக்கத்தை நம்பி விடமுடியாது. அவள் தாண்டினால், பின்னால் இருக்க வேறு யாராவது வேண்டும். மிச்சமிருப்பது மாப்பிள்ளை. அவன் என்ன கட்டுவான் என்பதில் சந்தேகமே இல்லை. அறுபதின் இரட்டிப்புக்கு மேல் ஒன்று, நூற்று இருபத்தொன்று. தொண்ணூறைக் கழித்தால் முப்பத்தொன்று. விடை தவறினால் தொண்ணூறிலிருந்து முப்பத்தொன்று போகும்.

ஐம்பத்தொன்பது.

இரண்டு முறை கழித்துப் பார்த்தார். ஐம்பத்தொன்பதுதான். சீட்டில் சுழியம் என்று எழுதி, மடித்து, கவிழ்த்த ரப்பர் கிண்ணத்துக்குக் கீழே தள்ளினார்.

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் தம்பி, இன்னைக்கு உனக்கு வேர்க்கவே இல்ல?"

"சூளைய அணைச்சிட்டேன்கா."

"சூளை அணைஞ்சாலும் இந்த நேரத்துக்கு வேர்க்குமே உனக்கு." தன் சீட்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பென்சிலை ஒருமுறை நாக்கில் தொட்டுக்கொண்டாள். பிறகு எதையோ அடித்து எதையோ எழுதினாள். அவள் சீட்டில் அடித்து எழுதியதை இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. சூளைக்காரருக்கு அப்போதுதான் உண்மையாகவே வேர்த்தது.

கேள்வி வந்தது. மனித உடலின் மிகச் சிறிய எலும்பு எந்த உறுப்பில் இருக்கிறது?

மூவரும் சீட்டை எடுத்து மறுபக்கத்தில் விடையை எழுதினார்கள். டிவியில் ஸ்டேஷன் மாஸ்டர் மூக்கு என்றார். ராத்திரியில் பல்லைக் கடிக்கும் நீச்சல்காரர் சரியான விடையை எழுதியிருந்தார், இரண்டே இரண்டு புள்ளிதான் கட்டியிருந்தார். விடை, காது.

முதலாளி சீட்டுகளைப் பிரித்தார். "மாப்பிள்ளை. சுண்டுவிரல். கட்டினது முப்பத்தொண்ணு. ஐம்பத்தொன்பது." எழுதினார். "அக்கா. காது." நிமிர்ந்து பார்த்தார். "கட்டினது நாப்பது. எண்பது."

"என் பொண்ணுக்குக் காதுல ஆபரேஷன் பண்ணப்போ டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு," என்றாள் அக்கா. "எனக்குத் தெரிஞ்ச ஒரே எலும்பு அதுதான். வந்துச்சுன்னா வரட்டும்னு கட்டினேன்."

"சூளை. காது." முதலாளி சீட்டை இன்னொரு பக்கம் திருப்பிப் பார்த்தார். "கட்டினது சுழியம். அறுபது."

பலகையில் எண்பது, அறுபது, ஐம்பத்தொன்பது என்று இருந்தது. மாப்பிள்ளை கிட்டே போய்ப் பார்த்தான். தூர நின்று பார்த்தாலும் அதேதான் தெரிந்தது.

"நான் தொண்ணூறுல இருந்தேனே," என்றான்.

"இருந்த," என்றாள் அக்கா.

"அண்ணே, உங்களுக்கு விடை தெரிஞ்சிருக்கு. முழுசும் கட்டியிருந்தா நூத்தி இருபது. முதல்ல வந்திருப்பீங்க."

"வந்து?"

சரியான விடையை எழுதிவிட்டு அதற்கு ஒரு புள்ளியும் வாங்காதது சூளைக்காரருக்கும் நெஞ்சில் முள் மாதிரி உறுத்தியது. ஆனால் சூளை அவரிடம்தான் இருந்தது, அதனால் பொறுத்துக்கொண்டார்.

"திங்கட்கிழமையிலருந்து ஃபோன் மாப்பிள்ளைக்கு," என்றார் முதலாளி. "சூளை, நீ உன் எடத்துலயே இரு. ஆனா ஒண்ணு. ஒண்ணும் கட்டாமலே கடைசியா வராம இருக்கறதுக்கு நீ ஏதோ வழி வெச்சிருக்க. என்னன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போ."

இப்படி ஒருவர் தன்னைக் கேட்கமாட்டாரா என்றுதான் சூளைக்காரர் வாரம் முழுக்கக் காத்திருந்தார். பேனாவை வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனார். மாப்பிள்ளையும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நம்ம ஆட்டத்துல முதல் எடத்துக்கு ஒண்ணும் கிடையாது, கடைசி எடத்துக்குத்தான் தண்டனை," என்றார். "அதனால முன்னாடி இருக்கறவர எட்டிப் பிடிக்கப் பாக்கவே கூடாது. கீழ இருக்கறவரோட புள்ளிய ரெட்டிப்பாக்கிப் பாக்கணும். அது நம்ம புள்ளியத் தொடலன்னா சுழியம் கட்டணும், அவ்வளவுதான் வேலை. தாண்டுச்சுன்னா, முன்னாடி இருக்கறவர் நம்ம ரெட்டிப்புக்கு மேல ஒண்ணு வர்ற மாதிரி கட்டித் தோத்தா எங்க விழுவார்னு கழிச்சுப் பாக்கணும். நமக்குக் கீழ விழுவார்னா, அப்பவும் சுழியம்தான் கட்டணும். மத்த ரெண்டு பேரும் சேந்து சரியாச் சொன்னாத்தான் நாம கடைசி. ரெண்டுல ஒருத்தர் தப்பாச் சொன்னாப் போதும், நாம கடைசியில்ல."